பழைய மோனோஷாக் ரீபில்ட்: சீல் மாத்துறது சின்ன வேலை, காத்தை வெளிய எடுக்கிறதுதான் பெரிய வேலை

தம்பி கேட்டது இதுதான். ஒரு பழைய 600 சிசி ஜப்பான் வண்டியோட பின்பக்க மோனோஷாக், அதாவது பின்சக்கரத்துக்கு ஒத்தையா வர்ற ஷாக், பக்கத்துல சின்ன கேஸ் டப்பா ஒட்டினது, புதுப்பேட்டைல கிடைச்சிருக்கு, வாங்கிட்டார். இப்ப ராடு ஓரமா ஆயில் கசியுது, பள்ளத்துல இறங்கி ஏறினா வண்டி மூணு நாலு தடவை ஊஞ்சல் மாதிரி ஆடித்தான் நிக்குது. பட்டறைல காட்டினா "வெட்டி சீல் போட்டு ஆயில் ஊத்தி வெல்டு அடிச்சுத் தர்றேன்"னு சொல்லியிருக்காங்க. கொடுக்கலாமா, இல்ல நானே வீட்ல பிரிக்கலாமான்னு கேக்கறார்.

வெல்டுக்கு மட்டும் கொடுத்துடாதீங்க தம்பி. அந்த வெட்டி ஒட்டுற பழக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னா, ஆர்எக்ஸ் 100, ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிகள்ல ரெண்டு பக்கமும் வர்ற சாதா ஷாக் இருக்கு பாருங்க, அது உள்ள ஒரு குழாய் வெளிய ஒரு குழாய்னு ரெட்டைக் குழாய் அமைப்பு, கம்பெனிலயே வாயை மடிச்சு அமுக்கி மூடிடுவாங்க, திறக்கிறதுக்குன்னு வழியே வைக்கல. அதனால நம்ம ஆளுங்க லேத்ல போட்டு வாயை வெட்டி, மரை போட்டு, மூடி செஞ்சு திறமையா ஓட்டிட்டு இருக்காங்க, அந்தக் கைவேலைக்கு எனக்கு மரியாதை உண்டு. ஆனா உங்க கைல இருக்கிறது அந்த ஜாதி ஷாக் இல்ல. இது திறந்து வேலை செய்யணும்னே டிசைன் பண்ணினது, உள்ள ஒரு சர்க்ளிப் (பள்ளத்துல உக்கார்ற பூட்டு வளையம்), டப்பா மூடில ஒரு சர்க்ளிப், அவ்வளவுதான் பூட்டு. இதுல வெல்டு வச்சா சூட்டுல சீல் போயிரும், அலுமினிய பாடி நெளியும், கேஸ் இருக்கறது தெரியாம நெருப்பு காட்டினா உயிருக்கே ஆபத்து.

நீங்களே பிரிக்கலாமான்னா, பிரிக்கலாம். நான் கோயம்புத்தூர்ல ரொம்ப வருஷமா ஷாக் வேலை பாக்கறேன், செட்டிபாளையம் காரி டிராக்ல ஓட்டற பசங்க வண்டியும் வரும், தினம் ஆபீஸ் போற வண்டியும் வரும். இவ்வளவு நாள்ல நான் புரிஞ்சுகிட்டது ஒண்ணுதான், சீலை மாத்தி ஆயிலை மாத்தினவன் ரீபில்ட் பண்ணிட்டேன்னு நினைச்சுக்கறான், ஆனா உள்ள ஒரு சொட்டுக் காத்து நின்னுட்டா அந்த வேலை மொத்தமும் வீண். அதனால காத்து எடுக்கற இடத்துல நிறைய சொல்றேன், மத்ததை வேகமா தாண்டறேன்.

முதல்ல இதுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கோங்க, அப்பதான் எதை எதுக்குச் செய்யறோம்னு புரியும். ஸ்பிரிங் வண்டியைத் தாங்குது, அவ்வளவுதான் அதோட வேலை. அமுக்கின ஸ்பிரிங் திரும்ப உதைக்கும், அந்த உதையை அடக்கறது உள்ள இருக்கற ஆயில். ராடு முனைல ஒரு பிஸ்டன், பிஸ்டன்ல ஓட்டைகள், அந்த ஓட்டைகளை மூடிக்கிட்டு பேப்பர் மாதிரி மெல்லிசான எஃகுத் தட்டுகள் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கும், அதுக்குப் பேர் ஷிம். ஆயில் அந்தத் தட்டுகளை வளைச்சுக்கிட்டுத்தான் போகணும், போகும்போது வண்டியோட ஆட்டம் சூடா மாறுது. நீண்ட மேடுபள்ள ரோட்டுல ஓட்டிட்டு வந்து ஷாக் பாடியைத் தொட்டா சுடுதுன்னா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

இப்ப ராடு உள்ள போகும்போது ராடோட கன அளவு ஆயிலுக்குள்ள இடம் பிடிக்குது இல்லையா. ராடு 14 எம்எம்னு வச்சுக்கோங்க, அதோட வெட்டுப் பரப்பு 1.54 சதுர சென்டிமீட்டர், 60 எம்எம் உள்ள போனா கிட்டத்தட்ட 9 சிசி ஆயில் வேற எங்கயாவது போயே ஆகணும், ஆயிலை அமுக்க முடியாது. அது போற இடம்தான் பக்கத்து டப்பா. டப்பாக்குள்ள ஃபுட்பால் பிளாடர் மாதிரி ஒரு ரப்பர் பை, பைக்குள்ள நைட்ரஜன், பைக்கு வெளிய ஆயில். ஆயில் வந்தா பை சுருங்கும், ராடு வெளிய போனா பை விரியும். சில ஷாக்ல பைக்குப் பதிலா மிதக்கற பிஸ்டன் ஒண்ணு இருக்கும், வேலை அதேதான். கேஸையும் ஆயிலையும் இப்படிப் பிரிச்சு வைக்கற ஒற்றைக்குழாய் ஷாக்கை பிரான்ஸ்காரர் டி கார்போன் கொண்டு வந்தார், அதையே படுக்க வச்சு பின்சக்கரத்துக்கு ஒரே ஷாக்னு பெல்ஜியத்து இன்ஜினியர் லூசியன் டில்கென்ஸ் செஞ்ச ஐடியாவை யமஹா வாங்கி 1973ல 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டமே ஜெயிச்சாங்க, மோனோஷாக்ன்ற பேரு பரவினது அதுக்கு அப்புறம்தான். நம்ம ஊர்ல 2008ல ஆர்15 வந்தப்ப எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு பாத்தது ஞாபகம் இருக்கா, அதே வம்சம்.

கேஸ் எதுக்கு 10 பார் அழுத்தம் வரைக்கும் அடைக்கறாங்கன்னா, ராடு வேகமா நகரும்போது பிஸ்டனுக்கு ஒரு பக்கம் அழுத்தம் ஏறும், இன்னொரு பக்கம் சட்டுனு குறையும். குறையற பக்கம் ஆயில்ல கரைஞ்சு இருக்கற காத்து குமிழா வெளிய வந்துரும், சோடா பாட்டில் மூடியைத் திறந்தா வருதே அதே கதை. குமிழ் வந்த இடத்துல ஆயில் தடுக்காது, ஷிம் வளையாது, வண்டி குதிக்கும். கேஸ் எப்பவும் ஆயிலை அமுக்கிக்கிட்டே இருந்தா குமிழ் வராது. சோடா மூடி மூடியே இருக்கற மாதிரி.

சரி, பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு தீர்மானம் பண்ணணும், இந்த ஷாக் காசு போடற தகுதி இருக்கானு. அதுக்கு பாக்க வேண்டியது ராடு. ஆயிலை நல்லா துடைச்சுட்டு வெயில்ல பிடிச்சு நகத்தை மேலிருந்து கீழ இழுங்க, நகம் எங்கயாவது தட்டுச்சுன்னா அங்க குரோம் போயிருச்சு, துருப் புள்ளி உக்காந்திருச்சு. இதுல எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் அந்தப் புள்ளி ஒவ்வொரு தடவை உள்ள வெளிய போறப்பவும் சீல் உதட்டைத் தேச்சுக்கிட்டே இருக்கும், ரெண்டாவது மாசம் மறுபடி கசிவு. வழக்கமா ராடு நடுவுல, தினமும் ஓடற அந்த 20, 30 எம்எம் இடத்துலதான் தேய்மானம் இருக்கும். பழைய குரோமை எடுத்துட்டு ஹார்ட் குரோம் ஏத்தி, சென்டர்லெஸ் கிரைண்டிங் பண்ணி பழைய சைஸுக்குக் கொண்டு வந்துடலாம், கோவைலயும் சென்னை அம்பத்தூர் பக்கமும் இந்த வேலை பண்ற இடங்கள் உண்டு. குரோம் போட்டதும் ராடை அவன்ல வச்சு 200 டிகிரி பக்கம் சில மணி நேரம் சுடணும்னு கேட்டு வாங்குங்க, பிளேட்டிங்ல எஃகுக்குள்ள ஹைட்ரஜன் நுழைஞ்சு உடையற குணம் வந்துரும், சுட்டாத்தான் அது போகும். ராடு வளைஞ்சிருந்தா மட்டும் அதை நிமிர்த்தச் சொல்லாதீங்க, வேற ராடு தேடுங்க, இல்ல ஷாக்கையே விட்டுருங்க.

இன்னொண்ணு, ஸ்பிரிங்கைக் கழட்டினதும் கேஸை விடறதுக்கு முன்னாடி ராடை கைல அமுக்கிப் பாருங்க. 10 பார் கேஸ், 1.54 சதுர சென்டிமீட்டர் ராடு, அப்ப எப்பவும் கிட்டத்தட்ட 15 கிலோ பலத்துல ராடு வெளிய வரத் துடிக்கணும். அமுக்கி விட்டா மெதுவா தானா வெளிய வந்தா கேஸ் இருக்கு. அமுக்கின இடத்துலயே நின்னுச்சுன்னா கேஸ் போயிருச்சு. முதல்ல கொஞ்ச தூரம் தடையே இல்லாம சரக்குனு போய் அப்புறம் பிடிச்சுதுன்னா ஆயில் குறைஞ்சு காத்து புகுந்திருக்கு. உங்களுது கடைசி ரெண்டுமா சேர்ந்துதான் இருக்கும்னு நினைக்கறேன். வண்டி ஆடுதுன்னா ஷாக் மேலேயே பழி போடவும் கூடாது, ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைப் பிடிச்சிருக்கற கை) புஷ், அதையும் ஷாக்கையும் சேக்கற லிங்க்ல இருக்கற நீடில் பேரிங் எல்லாம் கிரீஸ் காஞ்சு துருப்பிடிச்சுக் கிடக்கும், ஷாக் கழட்டின கையோட அதையும் விரல் விட்டு சுத்திப் பாத்துருங்க.

பிரிக்கறது. வெளிய இருக்கற மண்ணையெல்லாம் மண்ணெண்ணெய்ல பிரஷ் போட்டுக் கழுவி காத்தடிச்சு நல்லா காய வைங்க, உள்ள போற ஒரு மணல் துகள் ஒரு சீலைத் தின்னுரும். ரீபவுண்ட் ஸ்க்ரூ (ராடு வெளிய வர்ற வேகத்துக்கு), கம்ப்ரெஷன் ஸ்க்ரூ (உள்ள போற வேகத்துக்கு) ரெண்டையும் வலப்பக்கமா முழுசா மூடற வரைக்கும் எத்தனை கிளிக்னு எண்ணி எழுதி வைங்க, ஸ்பிரிங் மாட்டியிருக்கற நீளத்தை வெர்னியர்ல அளந்து எழுதுங்க, நாலு பக்கமும் போட்டோ எடுங்க. அப்புறம் ஸ்பிரிங் காலர்ல இருக்கற ரெண்டு ரிங்கையும் ஹூக் ஸ்பேனர்ல முழுசா தளர்த்துங்க, ஸ்க்ரூ டிரைவர் வச்சுத் தட்டாதீங்க, காலர் அலுமினியம், பல்லு உடையும். பெரும்பாலும் ஸ்பிரிங் லூஸ் ஆயிரும், கீழ இருக்கற ஸ்டாப்பரை எடுத்தா ஸ்பிரிங் வந்துரும். அப்பவும் இறுக்கமா இருந்தா ஸ்பிரிங் கம்ப்ரெஸர் வாடகைக்கு எடுங்க, கயிறு கட்டி ஆள் மேல ஏறி மிதிக்கற வேலையெல்லாம் வேண்டாம்.

அடுத்தது கேஸ். டப்பா மூடி நடுவுல ஒரு சின்ன மூடி, அதைத் திறந்தா டியூப் வால்வு மாதிரியே இருக்கும். கண்ணாடி போட்டுக்கோங்க, வால்வு வாய் உங்க முகத்துக்கும் பக்கத்துல நிக்கறவங்களுக்கும் நேரா இருக்கக் கூடாது, மேல ஒரு துணியைப் போட்டு சின்ன ஆணி மாதிரி ஒண்ணால மெதுவா அமுக்குங்க. வெறும் கேஸ் வந்தா பிளாடர் நல்லா இருக்கு. கேஸோட ஆயிலும் தெறிச்சுதுன்னா பிளாடர் கிழிஞ்சிருக்கு, அதையும் ஆர்டர் லிஸ்ட்ல சேத்துக்கோங்க. சில ஷாக்ல டியூப் வால்வு இருக்காது, ஒரு ஸ்க்ரூவுக்குக் கீழ ரப்பர் அடைப்பு இருக்கும், அதுல ஊசி குத்தித்தான் கேஸ் எடுக்கணும் ஏத்தணும், அதுக்குத் தனி ஊசி டூல் இல்லாம தொடாதீங்க. எந்த வகையா இருந்தாலும் கேஸ் முழுசா போனதுக்கு அப்புறம்தான் எந்த சர்க்ளிப்லயும் கை வைக்கணும். தம்பி, இந்த ஒரு வரியை மட்டும் ரெண்டு தடவை படிங்க. கேஸ் இருக்கறப்ப சர்க்ளிப்பைத் தட்டினா அந்த மூடி துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும்.

கேஸ் போனதும் டப்பா மூடியை கட்டை வச்சு ஒரு 10 எம்எம் உள்ள அமுக்குங்க, சர்க்ளிப் தெரியும், எடுங்க. வால்வு மூடியைத் திரும்ப மாட்டி அதைப் பிடிச்சு அசைச்சு அசைச்சு இழுத்தா மூடியும் பிளாடரும் சேர்ந்து வரும். ராடு பக்கமும் இதே முறைதான், தூசி மூடியை சுத்தித் தட்டி மேல எடுங்க, அதுக்குக் கீழ சீல் ஹெட்னு ஒண்ணு இருக்கும், சீலும் புஷ்ஷும் உக்கார்ற மூடி அதுதான், அதை உள்ள அமுக்கி கம்பி சர்க்ளிப்பை எடுங்க. எடுத்ததும் உடனே ராடை இழுத்துடாதீங்க, சர்க்ளிப் உக்காந்திருந்த பள்ளத்தோட விளிம்புல சின்னச் சின்ன பிசிறு இருக்கும், அதை 600 எமரி பேப்பர்ல தேச்சு மழுக்கிட்டு அந்தத் தூளைத் துடைச்சுட்டு அப்புறம் இழுங்க. இல்லேன்னா பிஸ்டன் மேல இருக்கற டெஃப்ளான் பட்டையும் ஓ-ரிங்கும் போற வழில கிழியும்.

வர்ற ஆயிலைப் பாருங்க. புது ஆயில் தெளிவா தேன் நிறத்துலயோ சிவப்பாவோ இருக்கும், பழசு சாம்பல் நிறத்துல வெள்ளி மினுக்கோட வரும், அது அலுமினியமும் புஷ் தேஞ்ச தூளும். நாத்தம் அடிச்சுதுன்னா ரொம்ப சூடாகியிருக்கு.

இப்ப ராடு முனை நட்டு. அதைக் கழட்டினாத்தான் பழைய சீல் ஹெட் வெளிய வரும், புதுசு உள்ள போகும். நட்டு தானா கழண்டு வராம இருக்க கம்பெனில ராடு முனையை ஆணித் தலை மாதிரி தட்டி விரிச்சிருப்பாங்க. அதை அப்படியே திருகினா மரை அறுந்து போயிரும், ராடே போயிரும். விரிஞ்ச பகுதியை மட்டும் அரத்தாலயோ கிரைண்டராலயோ மெதுவா தேச்சு எடுத்துட்டு அப்புறம் திருகணும், தேய்க்கறப்ப தூள் ஷிம்முக்குள்ள போகாம சுத்தி டேப் ஒட்டிக்கோங்க. நட்டு வந்ததும் ஷிம் எல்லாத்தையும் ஒரு கேபிள் டைல அப்படியே வரிசை மாறாம கோத்துருங்க, ஒண்ணு கூட கீழ விழக்கூடாது, ஒண்ணு கூட தலைகீழா வரக்கூடாது. எதுக்கு இவ்வளவு சொல்றேன்னா, தட்டோட விறைப்பு அதோட கனத்தோட மும்மடிப் பெருக்கத்துல ஏறும், 0.10 எம்எம் ஷிம் இருக்கற இடத்துல 0.15 வந்தா ஒண்ணரை மடங்கு இல்ல, மூணு மடங்குக்கும் மேல விறைப்பு. 0.20 போட்டா எட்டு மடங்கு. கண்ணால பாத்தா ரெண்டும் ஒண்ணுதான், மைக்ரோமீட்டர் வச்சாத்தான் வித்தியாசம் தெரியும். முதல் தடவை ரீபில்ட் பண்றவங்க ஷிம் மாத்தி சோதனை பண்ணவே வேண்டாம், இருந்த மாதிரியே மாட்டுங்க.

வாங்க வேண்டியது என்னன்னா சீல் ஹெட் கிட், அதுல ஆயில் சீல், டஸ்ட் சீல், உள் புஷ், வெளி ஓ-ரிங் எல்லாம் செட்டா வரும், கூட பிஸ்டன் பட்டையும் அதுக்கடில இருக்கற ஓ-ரிங்கும், புது நட்டு, தேவைப்பட்டா பிளாடர், ஒரு லிட்டர் ஷாக் ஆயில். சீல் தனியா வாங்கி புஷ்ஷை விட்டுறாதீங்க, புஷ் தேஞ்சா ராடு பக்கவாட்டுல ஆடும், ஆடற ராடு புது சீலையும் ஒரு பக்கமா தேச்சுரும். லோக்கல் பேரிங் கடைல சைஸ் கொடுத்து ஆயில் சீல் கேட்டா ஏதோ ஒண்ணு தருவாங்க, உள் விட்டம் வெளி விட்டம் பொருந்தும், ஆனா அது சுத்தற ஷாஃப்டுக்குச் செஞ்சது, நேரா போய் வர்ற ராடுக்கு 10 பார் அழுத்தத்துல தாங்காது.

ஆயில் பத்தி. பாட்டில்ல 2.5 டபிள்யூ, 5 டபிள்யூன்னு இருக்கறதை ரொம்ப நம்பாதீங்க, ஒரு கம்பெனி 5 இன்னொரு கம்பெனி 5 மாதிரி இருக்காது. 40 டிகிரில எத்தனை சென்டிஸ்டோக்ஸ்னு (ஆயில் எவ்வளவு கெட்டின்னு சொல்ற அளவு) டேட்டா ஷீட்ல போட்டிருப்பாங்க, அதைப் பாத்து வாங்குங்க, இந்த மாதிரி ஷாக்குக்கு 12ல இருந்து 16க்குள்ள இருந்தா சரியா இருக்கும். தண்ணி மாதிரி இருக்கேன்னு பயப்படாதீங்க, அப்படித்தான் இருக்கணும். கசியுதேன்னு கெட்டி ஆயில் ஊத்தற பழக்கம் இருக்கு, அது ரொம்பத் தப்பு, கசிவும் நிக்காது, சின்ன மேட்டுலயே ஷாக் கட்டை மாதிரி ஆகி முதுகு போயிரும். என் கிட்ட வந்த ஒரு ஷாக்ல இன்ஜின் ஆயிலே ஊத்தியிருந்தாங்க, ஓட்டினவர் ஒரு வருஷமா முதுகுவலின்னு டாக்டர் கிட்ட போயிட்டு இருந்தார்.

சுத்தம் பண்றதுக்கு பிரேக் கிளீனர் நல்லது, இல்ல மண்ணெண்ணெய்ல கழுவி காத்தடிச்சு காய வைங்க. ரப்பர் எதையும் பெட்ரோல்ல போடாதீங்க, ஊதிப் போயிரும். துடைக்க பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் விடும், ஒரு நூல் ஷிம்முக்கு அடில மாட்டினா அது முழுசா மூடாது, அந்த ஷாக் கடைசி வரைக்கும் சரியா வேலை செய்யாது. நூல் விடாத துணி இல்ல டிஷ்யூ. ஓ-ரிங், சீல் எல்லாத்துக்கும் ஷாக் ஆயிலையே தடவி மாட்டுங்க.

புது சீல் ஹெட்டை ராடுல ஏத்தறப்ப மரையைத் தாண்டித்தான் போகணும். மரை கத்தி மாதிரி. ராடு முனைல மெல்லிசா பிளாஸ்டிக் ஷீட்டைச் சுத்தி ஆயில் தடவிட்டு அது மேல வழுக்கி விடுங்க. நான் தொழில் கத்துக்கிட்ட காலத்துல இதைச் செய்யாம நேரா ஏத்தி, சீல் உதட்டுல கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழுந்து, மூணாவது நாள் வண்டி கசிஞ்சுக்கிட்டு வந்து நின்னுச்சு, புது கிட் என் காசுல வாங்கிப் போட்டேன். நட்டு மாட்டறப்ப முதல்ல மரைல லாக்டைட் (மரையைப் பிடிச்சுக்கற பசை) போட்டு, மேனுவல்ல சொன்ன டார்க்ல, அதாவது முறுக்கு அளவுல, இறுக்குங்க.

இப்பதான் அசல் வேலை. வண்டில இருக்கறதுக்குத் தலைகீழா, மேல் கண்ணை (போல்ட் போற ஓட்டை இருக்கற முனை) வைஸ்ல மெத்தென்று பிடிச்சு, பாடியோட வாயும் டப்பாவோட வாயும் மேல பாக்கற மாதிரி நிறுத்துங்க. கீழ ஒரு தட்டு வைங்க, ஆயில் வழியத்தான் போகுது. ரெண்டு ஸ்க்ரூவையும் முழுசா திறந்து வைங்க, மூடியிருந்தா அந்த வழில இருக்கற காத்து வராது. ஆயில் பாட்டிலைக் குலுக்காதீங்க, முந்தின நாளே அசையாம வச்சிருங்க, ஊத்தறப்ப சுவரோரமா மெதுவா இறங்கட்டும். பாடிலயும் டப்பாலயும் நிறைய ஊத்திட்டு நைலான் சுத்தியலால சுத்தி லேசா தட்டிக்கிட்டே இருங்க, பாடிக்கும் டப்பாக்கும் நடுவுல இருக்கற துளைல இருந்து குமிழ் வரும், நின்னுருச்சுன்னு தோணும், ஒரு பக்கமா சாய்ச்சுத் தட்டினா இன்னொரு கூட்டம் வரும். பத்து நிமிஷம் அப்படியே விட்டுட்டு டீ குடிச்சுட்டு வந்து மறுபடி தட்டுங்க.

டப்பா வழிய வழிய நிறைஞ்சதும் பிளாடரை சாய்ச்சு உள்ள விட்டு, கூட இருக்கற காத்து ஆயிலோட வழிஞ்சு வர்ற மாதிரி மூடியை அமுக்கி சர்க்ளிப் போடுங்க. பிளாடர் அப்பளம் மாதிரி மடிஞ்சு உள்ள போயிரக் கூடாது, உருண்டையா நிக்கணும், தேவைன்னா வாயால ஊதற அளவுக்குக் கொஞ்சம் காத்து விட்டு உருவத்துக்குக் கொண்டு வாங்க. அதுக்கப்புறம் வால்வை அமுக்கி வெளிக் காத்தோட அழுத்தத்துக்கே விட்டுருங்க.

அடுத்தது ராடு. பிஸ்டன் முனையை ஆயிலுக்குள்ள மெதுவா முக்குங்க, பிஸ்டன் ஓட்டைக்குள்ளயும் ஷிம்முக்கு நடுவுலயும் நிறைய காத்து ஒளிஞ்சிருக்கும். சீல் ஹெட்டை ராடு மேல தள்ளி வச்சுக்கிட்டு, பிஸ்டனை சின்னச் சின்னதா கீழயும் மேலயும் நகர்த்துங்க, மேல வர்றப்ப கீழ போறதை விட மெதுவா. வேகமா இழுத்தா அங்க வெற்றிடம் வந்து புதுசா குமிழ் உண்டாகும், நீங்களே காத்து சேக்கற மாதிரி ஆயிரும். எந்தக் காரணத்துக்காகவும் பிஸ்டன் ஆயில் மட்டத்துக்கு மேல வந்துரக் கூடாது, வந்தா திரும்ப முதல்ல இருந்து. ராடுல ரீபவுண்ட் துளை ஒண்ணு இருக்கும், அதுவும் ஆயிலுக்குள்ளயே இருக்கணும். குமிழ் பெருசு பெருசா வரும், அப்புறம் கடுகு அளவு, அப்புறம் பால் நுரை மாதிரி. நுரை வந்தா நிறுத்திட்டுக் காத்திருங்க, அது அடங்கற வரைக்கும் அசைச்சா பிரயோஜனம் இல்ல. நான் இதுக்கு மட்டும் அரை மணி நேரத்துக்குக் குறையாம எடுத்துக்குவேன். கைல ஒரே மாதிரி தடை, தடையில ஒரு இடத்துல கூட தொய்வு இல்லைன்னு ஆனதும்தான் அடுத்தது.

இங்க நிறைய பேர் கோட்டை விடற இடம் ஒண்ணு இருக்கு. சீல் ஹெட்டை மூடறப்ப ராடு எங்க நிக்கணும்? முடிஞ்ச வரைக்கும் வெளிய இழுத்து, பிஸ்டன் சீல் ஹெட்டுக்குச் சரியா கீழ, ஆனா ஆயிலுக்குள்ள இருக்கணும். ராடு 30 எம்எம் உள்ள இருக்கறப்ப மூடிட்டீங்கன்னா அந்த 30 எம்எம் ராடு பிடிச்ச இடத்துக்கு 4 சிசிக்கு மேல ஆயில் குறைஞ்சு போயிரும், அப்புறம் ராடு முழுசா வெளிய வர்றப்ப பிளாடர் அளவுக்கு மீறி விரிஞ்சு துளை மேல போய் ஒட்டும், சீக்கிரம் கிழியும். ஆயில் வாய் வரைக்கும் நிறைஞ்சு இருக்கட்டும், சீல் ஹெட்டைச் சாய்ச்சு ஒரு பக்கமா இறக்கி காத்தைத் தள்ளிக்கிட்டே நேராக்கி அமுக்குங்க, ஆயில் வழியும், வழியட்டும். சர்க்ளிப் பள்ளம் தெரியற அளவுக்கு உள்ள போகணும், அந்த ஆயில் பிளாடரை அமுக்கி டப்பாக்குப் போகும், அதுக்குத்தான் வால்வு அழுத்தத்தை விட்டு வைக்கச் சொன்னேன். சர்க்ளிப் முழு வட்டமும் பள்ளத்துல உக்காந்திருக்கானு டார்ச் அடிச்சு, ஸ்க்ரூ டிரைவர் முனையால சுத்தி அமுக்கிப் பாத்துருங்க.

கேஸ் ஏத்தறது நைட்ரஜன் மட்டும்தான். சாதா காத்துல ஈரம் இருக்கு, ஆக்ஸிஜன் இருக்கு, பிளாடர் ரப்பரையும் ஆயிலையும் கெடுக்கும், சூடானா ஈரக் காத்தோட அழுத்தம் தாறுமாறா ஏறும். வெல்டிங் பட்டறைல இருக்கற ஆக்ஸிஜன் சிலிண்டரை யாராவது காட்டினா அந்தப் பக்கமே போகாதீங்க, அழுத்தத்துல இருக்கற ஆக்ஸிஜனும் ஆயிலும் சேர்ந்தா நெருப்பே வேண்டாம், தானா வெடிக்கும். டயர் கடை நைட்ரஜன் அழுத்தம் பத்தாது. நம்ம ஊர்ல இதுக்கு சுலபமான வழி ஏசி மெக்கானிக், பைப் லீக் பாக்கறதுக்கு அவங்க கிட்ட நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் இருக்கும், ட்யூப் வால்வுக்குப் பொருந்தற ஹோஸ் மட்டும் ஏற்பாடு பண்ணிக்கிட்டா போதும். முதல்ல ஒரு பார் மட்டும் ஏத்துங்க, சீல் ஹெட் மெதுவா மேல வந்து சர்க்ளிப்ல உக்காரும், ராடுக்கு நேர் மேல முகத்தை வைக்காம பக்கவாட்டுல நின்னு பாருங்க. நேரா உக்காந்திருச்சுன்னா 10 பார், அதாவது 145, 150 பிஎஸ்ஐ. மேனுவல் வேற சொன்னா மேனுவல் சொல்றதுதான். ஏத்தினதுக்கு அப்புறம் சரியா இருக்கானு கேஜ் வச்சு வச்சுப் பாக்காதீங்க, உள்ள இருக்கற இடமே கொஞ்சூண்டு, கேஜும் ஹோஸும் நிறையறதுக்கே பாதி அழுத்தம் போயிரும். ரெகுலேட்டர்ல வச்சு நேரா ஏத்தி, வால்வுல இருந்து சட்டுனு எடுத்து, மூடியை இறுக்கிருங்க.

ஸ்பிரிங் இல்லாமலே தரைல மரப்பலகை போட்டு முழு உடம்பு எடையும் வச்சு அமுக்கிப் பாருங்க. முதல் எம்எம்ல இருந்தே பிடிக்கணும், சத்தம் வரக்கூடாது, விட்டா ஒரே வேகத்துல வெளிய வரணும். ரீபவுண்ட் ஸ்க்ரூவை மூடினா வெளிய வர்றது தெளிவா மெதுவாகணும். ஆரம்பத்துல கொஞ்சம் தொய்வு, அப்புறம் பிடிக்குது, உள்ள சலசலன்னு சத்தம் வருதுன்னா காத்து நின்னுருச்சு. ஓட்டினா சரியாயிரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, மூடின டப்பாக்குள்ள இருந்து காத்து எங்க போகும், கேஸை விட்டுட்டு மறுபடி பிரிங்க. எல்லாம் சரின்னா ராடு கீழ பாக்கற மாதிரி தொங்க விட்டு அடில டிஷ்யூ வச்சு ஒரு ராத்திரி விடுங்க, காலைல டிஷ்யூல வட்டம் இல்லைன்னா ஸ்பிரிங்கை மாட்டுங்க, எழுதி வச்ச அதே நீளத்துக்கு.

வண்டில மாட்டினதும் சாக் பாக்கணும், அதாவது எடைக்கு வண்டி எவ்வளவு கீழ உக்காருதுன்னு. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஆக்ஸில்ல இருந்து நேர் மேல பாடில ஒரு புள்ளி வரைக்கும் அளங்க, அப்புறம் நீங்க ஹெல்மெட் எல்லாம் போட்டு ஏறி உக்காந்து அதே அளவை இன்னொருத்தரை எடுக்கச் சொல்லுங்க, ரோடு வண்டிக்கு வித்தியாசம் 30ல இருந்து 40 எம்எம் வந்தா நல்லது. ஆள் ஏறாம வண்டி எடைக்கு மட்டும் 5, 10 எம்எம் உக்காரணும். ஆளோட சரியா வந்து வண்டி மட்டும் நிக்கறப்ப கொஞ்சம் கூட உக்காரலைன்னா ஸ்பிரிங் உங்க எடைக்கு மெல்லிசு, காலரை இறுக்கி இறுக்கி சமாளிக்கறீங்கன்னு அர்த்தம், ஸ்பிரிங் மாத்தணும். வேற வண்டி ஷாக்கை உங்க வண்டில போடறதா இருந்தா இது ரொம்ப முக்கியம், கூடவே கண்ணுக்குக் கண் நீளமும் ஸ்ட்ரோக்கும் (ராடு உள்ள போற மொத்த தூரம்) பழைய ஷாக்கோட ஒத்துப் போகுதானு பிரிக்கறதுக்கு முன்னாடியே அளந்துருங்க. நீளம் 10 எம்எம் மாறினாலே லிங்க் வழியா பின்பக்கம் அதைவிட அதிகமா உயரும், செயின் ஸ்விங்ஆர்ம்ல உரசும்.

கடைசியா, டப்பாவைத் திறந்ததும் உள்ள பிளாடரா, மிதக்கற பிஸ்டனான்னு பாத்துட்டு எழுதுங்க. பிஸ்டனா இருந்தா அதை வெளிய இழுக்கறதுக்கு முன்னாடி டப்பா விளிம்புல இருந்து பிஸ்டன் எவ்வளவு ஆழத்துல நிக்குதுன்னு ராடு முழுசா வெளிய இருக்கறப்பவே வெர்னியர்ல அளந்து வைங்க. கசிஞ்ச ஷாக்ல அது இடம் மாறியிருக்கும்தான், அதனால மேனுவல் அளவுதான் கடைசி, இருந்தாலும் ஒப்பிட்டுப் பாக்க அது வேணும். கேஸுக்கு 30 சிசி இடம் விட்டா ராடு 9 சிசி உள்ள வர்றப்ப 10 பார் கிட்டத்தட்ட 15 ஆகும், அதே இடம் 15 சிசியா குறைஞ்சிருந்தா 25 பார் பக்கம் போயிரும், சீல் தாங்காது. ராடோட விட்டத்தையும் ஸ்ட்ரோக்கையும் அனுப்புங்க, உங்களுக்கு எவ்வளவு ஆழம் வைக்கணும்னு கணக்குப் போட்டுச் சொல்றேன்.